வாயைப் பொத்திக்கொண்டு எத்தனை முறை சிரித்தாய்?

டாக்டர் எவாரிஸ்தோ மொந்தால்வோ அந்தத் தாள்களை மேஜைமேல் தூக்கிப் போட்ட விதத்திலேயே, இது இரண்டு நாள் வேலை என்று அவர் முடிவு கட்டிவிட்டது தெரிந்தது.

"இதுல மாத்துறதுக்கு என்னம்மா இருக்கு? ஏற்கெனவே ஸ்பானிஷ்லதானே இருக்கு! ஸ்பானிஷ்லேருந்து ஸ்பானிஷுக்கு மொழிபெயர்க்கப் போறியா?"

ஒதீலியா தாள்களைப் பொறுக்கி அடுக்கினாள். வஹாகா நகரப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவத் துறையில் அவரிடம் பதில் சொன்னவர்கள் யாரும் காலத்தில் பட்டம் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. அவளுக்கு முப்பத்தாறு வயது. பத்து வருஷம் மலைக் கிராமங்களில் பல் பிடுங்கிவிட்டு, மேல்படிப்பு என்று வந்து சேர்ந்து, மூன்று வருஷமாக இந்த ஆய்வைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்த பையன்கள் எல்லாம் வாசலில் ஆளுயரப் பிளாஸ்டிக் பல்லை நிறுத்தி வைத்துக் கிளினிக் திறந்துவிட்டார்கள்.

தாள்களில் பதினாறு கேள்விகள். பல்லாலும் வாயாலும் பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கை எவ்வளவு கெடுகிறது என்று அளக்கிற கேள்விகள். சாப்பிட முடிகிறதா, தூங்க முடிகிறதா, கேலி செய்கிறார்களா, சிரிக்க முடிகிறதா. யாரோ எங்கோ ஆங்கிலத்தில் எழுதி, மாட்ரிட்டில் யாரோ ஸ்பானிஷாக்கியது. ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'கிட்டத்தட்டத் தினமும்' வரை ஐந்து கட்டங்கள். கூட்டினால் ஒரு எண் வரும். எவாரிஸ்தோவுக்கு வேண்டியது அந்த எண்.

"ஏப்ரல்ல குவாதலஹாரா மாநாடு. ஸ்பெயின் பிள்ளைங்க எண்ணு ஒரு பக்கம், நம்ம பிள்ளைங்க எண்ணு ஒரு பக்கம். ஒரு படம் போட்டுக் காட்டினா முடிஞ்சுது. போ, போ. ஸ்ட்ரைக் இல்லாத வாரமாப் பாத்து ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தப் பிடி."

அவள் பிடித்தது பெரிய சந்தைக்குப் பின்னால் இருந்த அரசுத் தொடக்கப் பள்ளி. தலைமை ஆசிரியை அமாலியா நூலக அறையைத் திறந்துவிட்டார். நூலகம் என்றால் ஓர் அலமாரி, அதன் சாவி தொலைந்து போயிருந்தது. பத்துப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். எட்டிலிருந்து பத்து வயது வரை. இரண்டாவது கேள்வியிலேயே வண்டி குடை சாய்ந்தது.

பாலையோ பழச்சாற்றையோ உறிஞ்சு குழலால் குடிக்கச் சிரமமாக இருந்ததா என்பது கேள்வி. மாட்ரிட்டில் உறிஞ்சு குழலுக்கு ஒரு சொல் இருக்கிறது. அதே சொல்லுக்கு வஹாகாவில் வைக்கோல் துரும்பு என்று பொருள்.

"டீச்சர், பால்ல எதுக்கு வைக்கோலு?" என்றான் ஒரு பையன். "நாங்க என்ன கழுதையா?"

"நீ கழுதைதான்டா," என்றது பக்கத்துப் பெண். பிறகு ஐந்து நிமிஷம் யார் கழுதை என்பது பற்றி விவாதம்.

நான்காவது கேள்வி வாய்ப்புண் பற்றியது. மாட்ரிட்காரர்கள் போட்டிருந்த சொல்லை இந்தப் பிள்ளைகள் ஓரிடத்தில்தான் கேட்டிருந்தார்கள், கோயிலில். பத்துப் பேரும் 'ஒருபோதும் இல்லை' என்று கட்டமிட்டிருந்ததைப் பார்த்து ஒதீலியாவுக்கு ஆச்சரியம். அதிலும் ஒரு பையனின் உதட்டில் அப்போதே ஒரு புண் பழுத்துக்கொண்டிருந்தது.

"உனக்கு இதோ இருக்கேடா?"

"இது சூட்டுக் கொப்புளம் டீச்சர். நீங்க கேட்டது ஏசுவுக்குத்தான் இருக்கும். கையில ரெண்டு, கால்ல ரெண்டு, விலாவுல ஒண்ணு."

ஏழாவது கேள்வியில் கடிக்கச் சிரமமான உணவு என்று ஆப்பிள், சோளக் கதிர், 'சுலெத்தோன்' என்று மூன்று கொடுத்திருந்தது. கடைசியாகச் சொன்னது எலும்போடு சுட்ட, உள்ளங்கைத் தடிமன் மாட்டிறைச்சித் துண்டு. அதைப் பார்த்தவர் அந்த அறையில் யாருமில்லை, ஒதீலியா உட்பட. ஒரு குழந்தை அது ஏதோ மிருகம் என்று நினைத்துக்கொண்டு, கடிக்குமா என்று கேட்டது.

ஒருவழியாகப் பதினாறையும் நிரப்பி முடித்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தாள். ஆறாவதாக வந்தது யாட்சிரி. ஒன்பது வயது. மெலிந்த கை கால், இறுக்கிப் பின்னிய ஜடை, முழங்காலில் பழைய காயம். மேல் முன்பற்கள் இரண்டில் ஒன்று பாதிதான் இருந்தது, அந்தப் பாதியும் கறுத்துப் போயிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓடுகிற ஆட்டோவிலிருந்து குதித்தாளாம். ஏன் குதித்தாய் என்று கேட்டதற்கு, "நிக்கலையே" என்றாள்.

"கடந்த நாலு வாரத்துல—"

"நாலு வாரம்னா அத்தை கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"எப்ப கல்யாணம்?"

"நீங்க வரலையா?"

ஒதீலியா அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். "பல்லைப் பத்தி யாராவது உன்னைப் பட்டப்பேர் சொல்லிக் கேலி பண்ணியிருக்காங்களா?"

"இல்ல."

அப்போது ஜன்னல் வழியாக ஒரு குரல் வந்தது. "ஏ பொக்கை! சீக்கிரம் வாடி, ஆளு குறையுது!"

"யாரைக் கூப்பிடறான்?"

"என்னைத்தான்."

"அது கேலி இல்லையா?"

யாட்சிரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அது என் பேரு டீச்சர். கேலின்னா அதுல எங்கம்மாவச் சேத்து இழுக்கணும்."

ஒதீலியா குறித்துக்கொண்டாள். பதினோராவது கேள்வி: உன் பல்லை நினைத்து எத்தனை முறை சிரிக்காமல் தவிர்த்தாய்? யாட்சிரி யோசிக்கவே இல்லை, 'ஒருபோதும் இல்லை' என்று விரலை வைத்தாள். வைத்துவிட்டு, வெளியே எவனோ பந்தோடு சேர்ந்து வாய்க்காலில் விழுந்த சத்தம் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிக்கும்போது வலது கை தானாக மேலே போய் வாயை மூடிக்கொண்டது. சிரிப்பு நின்றதும் கை இறங்கியது.

"நீ கையால வாயைப் பொத்திக்கிறியே?"

"ஆமா."

"அப்ப சிரிக்கறதத் தவிர்க்கறேன்னுதானே அர்த்தம்?"

"நான் எங்க தவிர்த்தேன்? சிரிச்சேனே! மத்தவங்க பாக்கல, அவ்ளோதான்."

ஒதீலியா பென்சிலைக் கீழே வைத்தாள். மற்ற ஒன்பது தாள்களையும் புரட்டினாள். பதினோராவது கேள்விக்கு அத்தனை பேரும் 'ஒருபோதும் இல்லை'. அந்த ஒன்பது பேரில் எத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள் என்று அவள் கவனிக்கவே இல்லை. கழுதை விவாதத்தின்போது அறையே சிரித்தது. அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பல் டாக்டர், பல்லைத் தவிர எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் பெற்றோர் தாள். பிள்ளைகளுக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று என்று இரண்டு இருந்தன. முப்பது அம்மாக்களும் இரண்டு அப்பாக்களும் வகுப்பறையில், பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் தாளில் கேள்விகளுக்கு முன்னால் ஒரு வரி இருந்தது. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வசதியாக உட்காருங்கள் என்று மரியாதையாகச் சொல்கிற வரி. சிக்கல் என்னவென்றால், மாட்ரிட்டில் 'எடு' என்பதற்குச் சொல்கிற சொல் வஹாகாவில் புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியத்தின் பெயர். அதுவும் மரியாதையான பெயர் அல்ல.

ஒதீலியா அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் வரிசையிலிருந்த ஒரு பெண் கவனித்தாள். அகலமான தோள், கரி பட்ட முன்கை, மேலே கட்டின ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். அவள் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எழுத்துக் கூட்டி, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி அந்த வரியைப் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பென்சிலோடயா?"

முதலில் ஒரு மூலையில் யாரோ தும்மினது போலச் சத்தம். அடுத்து அறையே வெடித்தது. "வசதியா உக்காந்துக்கிட்டு வேற!" என்றாள் இன்னொருத்தி. "சீவின பென்சிலா, சீவாததா? அதச் சொல்லுங்க டாக்டரம்மா!" ஒரு கர்ப்பிணி சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். வந்திருந்த இரண்டு அப்பாக்களும் கூரையில் ஏதோ சுவாரசியமாக இருப்பது போல் மேலே பார்த்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த தலைமை ஆசிரியை அமாலியா, தாளை வாங்கிப் படித்து, முகம் சிவந்து, இன்னொரு முறை படித்தார்.

"டாக்டர், இது பள்ளிக்கூடம்."

"மேடம், ஸ்பெயின்ல இதுக்கு—"

"இது ஸ்பெயின் இல்ல. எல்லாத் தாளையும் வாங்குங்க. இப்பவே."

ஒதீலியா குனிந்து குனிந்து தாள்களை வாங்கினாள். இரண்டு பேர் வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும் என்று தர மறுத்துவிட்டார்கள். கடைசியில் அந்த ஏப்ரன்காரி மட்டும் நின்றாள். தாளைக் கொடுக்காமல் மேலும் படித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு எழுதினது இத?"

"மாட்ரிட்ல."

"அவங்களுக்குப் பிள்ளைங்க உண்டா?"

"தெரியலீங்க."

"இருக்காது. ஏழாவதப் பாருங்க. சோளக் கதிரக் கடிக்க முடியுதான்னு கேக்குறான். எம் பொண்ணுக்கு முன்பல்லு பாதி இல்ல. கதிரக் கடிக்க முடியலன்னா கத்தியால சீவிக் கிண்ணத்துல போட்டுக் குடுப்பேன். கதிரு சாப்பிட்டியான்னா சாப்பிட்டேன்னுதான் சொல்லும். த்லாயுடாவக் கேட்டாத்தான் உண்மை தெரியும். அதக் கத்தியால ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் பெயர் பெனீத்தா. சந்தை வாசலில் த்லாயுடா கடை. வண்டிச் சக்கரம் போலப் பெரிதாக, கரியில் வாட்டி விறைக்க வைத்த சோள ரொட்டி. அதன்மேல் பன்றிக் கொழுப்பு, பீன்ஸ், பாலாடைக்கட்டி. அதைக் கடிக்கிறவனுக்குப் பல் இருக்கிறது என்று அர்த்தம். யாட்சிரியின் அம்மா அவள்தான் என்று ஒதீலியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு வினாத்தாளை ஊருக்கு ஏற்ப மாற்றுவதற்கென்று முறைகள் எழுதிய கையேடு ஒன்று துறையில் இருந்தது. அதில் ஒரு விதி, மாற்றுகிற குழுவில் மருத்துவம் படிக்காத ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. எவாரிஸ்தோவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். பென்சில் கதை அதற்குள் துறை முழுக்கப் பரவியிருந்தது. அதனால் அவர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

"சரி, குழு போடு. வெளியாள்னா உன் சித்தி பொண்ணு மாதிரி யாராவது அமைதியான ஆளாக் கூட்டிட்டு வா. தலையாட்டிட்டுப் போயிடணும்."

ஒதீலியா பெனீத்தாவைக் கூட்டி வந்தாள்.

குழுவில் நான்கு பேர். எவாரிஸ்தோ, ஒதீலியா, பெனீத்தா, மொழித்துறையிலிருந்து பேராசிரியர் லிசார்தோ. லிசார்தோ எழுபதை நெருங்கியவர், காற்புள்ளிகளைத் தவிர உலகில் வேறெதிலும் அவருக்கு அபிப்பிராயம் கிடையாது. பெனீத்தா கடையை ஏறக்கட்டிவிட்டு நேராக வந்திருந்தாள், கையில் துணி மூடின கூடை. மேஜைமேலிருந்த பிஸ்கட்டுகளை ஒரு பார்வை பார்த்தாள், கூடையை அவற்றின் மேலேயே வைத்தாள்.

வைக்கோல் சுலபமாகப் போனது. ஏசுவின் காயங்களுக்குப் பதில் 'சூட்டுக் கொப்புளம், வாய்ப்புண்' என்று போட்டார்கள். லிசார்தோ நடுவில் ஒரு காற்புள்ளி கேட்டார், கொடுத்தார்கள். பென்சில் வரியை மொத்தமாகத் தூக்கினார்கள். பட்டப்பேர் கேள்வியில் பத்து நிமிஷம் போனது. கடைசியில் 'உனக்குப் பிடிக்காத மாதிரி யாராவது உன் பல்லைப் பற்றிச் சொன்னார்களா' என்று ஆனது. ஏழாவதில் போர் தொடங்கியது.

"மாட்டிறைச்சி இருக்கட்டும்," என்றார் எவாரிஸ்தோ. "சுலெத்தோன் வேண்டாம்னா 'பிஸ்தெக்'னு, சாதா மாட்டுக்கறித் துண்டுன்னு போடுங்க. அத எல்லாரும் சாப்பிடறாங்க."

"யாரு டாக்டர் சாப்பிடறா?" என்றாள் பெனீத்தா. "நீங்க சாப்பிடுவீங்க. எங்க வீட்டுல கறி வந்தா அது பொடிப்பொடியா நறுக்கித்தான் தட்டுக்கு வரும். அதுக்குப் பல்லே வேணாம், நாக்கு போதும். த்லாயுடான்னு போடுங்க."

"அது உள்ளூர்ச் சாப்பாடும்மா. இது அறிவியல். மத்த நாட்டோட ஒப்பிடணும்."

"பிள்ளைங்க உள்ளூர்ப் பிள்ளைங்கதானே?"

"அதோட த்லாயுடா அப்படி ஒண்ணும் கெட்டியான பொருள் இல்ல. ஊற வெச்சுச் சாப்பிடறவங்க இருக்காங்க."

அந்த வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது. பெனீத்தாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பதினெட்டு வருஷமாக அந்தக் கரியடுப்பின் முன்னால் நிற்கிறவள். கூடைத் துணியை விலக்கினாள். ஒரு த்லாயுடாவை எடுத்து, மடித்தது மடித்தபடி, ஒரு காகிதத்தில் வைத்து அவர் முன்னால் தள்ளினாள்.

"காலையில வாட்டினது. ஊற வெக்கல. சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க."

எவாரிஸ்தோவின் மேல்வரிசையில் நடுப் பற்கள் சில அவர் பிறந்தபோது உடன் பிறந்தவை அல்ல என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல் நடந்துகொள்வது அங்கே ஓர் ஒழுக்கம். ஒதீலியா, "டாக்டர், வேண்டாமே, பேச்சு முடியட்டும்," என்றாள். அது அவரை இன்னும் உசுப்பிவிட்டது. ஒரு சந்தைக்காரி முன்னால் பின்வாங்குவதா? இரு கையாலும் பிடித்தார், முன்பற்களால் கடித்தார், இழுத்தார்.

'டக்' என்று ஒரு சத்தம். த்லாயுடா உடைந்த சத்தம் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். த்லாயுடா உடையவில்லை. மூன்று பற்கள் சேர்ந்த கட்டுப்பல் ஒன்று, அதன் விளிம்பில் பாலாடைக்கட்டி நூலாகத் தொங்க, ரொட்டியில் அழுத்தமாகக் குத்தி நின்றது.

லிசார்தோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எவாரிஸ்தோ கட்டுப்பல்லைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அவர் மனிதர் இரும்பு, எழுந்து போகவில்லை.

"தொதரலாம்," என்றார். "அதுத்தது எத்தனாவது?"

பல் இல்லாத இடத்தில் நாக்கு நுழைந்துகொண்டு, சொல்லெல்லாம் குழைந்து வந்தது. மாட்ரிட்காரர்கள் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துப் பேசுகிற பேச்சை வஹாகாவில் எல்லோரும் நடித்துக் காட்டிச் சிரிப்பது வழக்கம். பெனீத்தா மெதுவாகச் சொன்னாள்:

"இப்பத்தான் டாக்டர் அச்சு அசலா மாட்ரிட்காரர் மாதிரி பேசறாரு."

லிசார்தோதான் முதலில் உடைந்தார். காற்புள்ளிகளுக்கு மட்டும் வாழ்ந்த அந்த மனிதர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விக்கி விக்கிச் சிரித்தார். ஒதீலியா நாக்கைக் கடித்துப் பார்த்தாள், தாங்கவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது ஓர் ஆள் மட்டும் எத்தனை நேரம் விறைப்பாக உட்கார முடியும்? எவாரிஸ்தோவுக்கும் வந்துவிட்டது. தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. ஆனால் சிரிப்பு வந்த அந்தக் கணமே வலது கை எழுந்து வாயை மூடியது.

ஒதீலியா அதைப் பார்த்தாள். இந்த முறை தாளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

"டாக்டர்," என்றாள், "பதினொண்ணாவது கேள்வி. பல்லை நெனச்சுச் சிரிக்காம தவிர்த்தீங்களா?"

"நான் எங்க தவிர்த்தேன்," என்றார் அவர் கைக்கு உள்ளிருந்து. "திரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

சொல்லிவிட்டு அவரே தன் கையைப் பார்த்தார். அந்தக் கேள்வியை மாற்றினால் ஸ்பெயின் எண்ணோடு ஒப்பிட முடியாது என்று ஒரு வாரமாக அவளிடம் கத்திக்கொண்டிருந்தவர், பேனாவை எடுத்து, பழைய வரியை அடித்து, ஒதீலியா எழுதி வைத்திருந்த வரியை அதன்மேல் எழுதினார். 'சிரிக்கும்போது பல் தெரியாமலிருக்க எத்தனை முறை வாயைப் பொத்திக்கொண்டாய்?' ஏழாவதில் மாட்டிறைச்சியை அடித்து த்லாயுடா என்று எழுதினார். லிசார்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொத்திக்கொண்டாய்க்குப் பிறகு கேள்விக்குறி போதும், காற்புள்ளி வேண்டாம்," என்றார்.

மாலையில் எல்லோரும் போன பிறகு, துறையின் கடைசி அறையில் ஒதீலியா அந்தக் கட்டுப்பல்லைச் சிமெண்ட் வைத்து ஒட்டினாள். வாயைத் திறந்தபடி படுத்திருந்த எவாரிஸ்தோவால் எதுவும் சொல்ல முடியவில்லை. மூன்று வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த மிக அமைதியான இருபது நிமிஷம் அது.

அதே வாரத்தில், புதிய தாளை முதல் ஆளாக நிரப்ப வைத்துவிட்டு, யாட்சிரியையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். வேர் சிகிச்சை செய்து, பல்லின் நிறத்திலேயே பூச்சு வைத்துப் பாதிப் பல்லை முழுப் பல்லாக்கினாள். பெண் அழவில்லை, ஆனால் மயக்க ஊசிக்கு முன்னால் ஒதீலியாவின் கட்டை விரலை ஒரு கடி கடித்தாள். கண்ணாடியைக் காட்டியதும், "ரொம்ப வெள்ளையா இருக்கு, யாரோடது?" என்று கேட்டாள்.

பள்ளியில் புதிய தாள் அருமையாக வேலை செய்தது. அறுபது பிள்ளைகள் நிரப்பினார்கள். அமாலியா ஒவ்வொரு வரியையும் முன்கூட்டியே படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுமதித்தார். பதினோராவது கேள்வியில் முதல் தடவையாக எல்லாக் கட்டங்களிலும் குறிகள் விழுந்தன. ஒரு பையன் 'கிட்டத்தட்டத் தினமும்' கட்டத்தைக் குறித்துவிட்டுப் பக்கத்தில், 'சர்க்கஸுக்குப் போன அன்று மட்டும் இல்லை, மறந்துவிட்டேன்' என்று எழுதியிருந்தான். அவர்களில் துறைக்கு வந்து பல் சரி செய்துகொண்ட பிள்ளைகளுக்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை தாளைக் கொடுத்தார்கள். எண் குறைய வேண்டும், குறைந்தால் தாள் சரியாக அளக்கிறது என்று அர்த்தம். எல்லோருக்கும் குறைந்தது. யாட்சிரிக்கு மட்டும் ஏறியது.

ஒதீலியா தாளை எடுத்துக்கொண்டு சந்தை வாசலுக்கே போனாள். யாட்சிரி கடைக்கு முன்னால் ஸ்டூலில் ஏறி நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் கூவிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது? பல்லு வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல."

"பின்ன ஏன் 'விளையாடப் போக முடியல, கிட்டத்தட்டத் தினமும்'னு போட்ட?"

"முடியலையே! பல்லு அழகாயிடுச்சுன்னு அம்மா என்னக் கடை முன்னாடி நிறுத்திடுச்சு. சாயங்காலம் ஆனா சிரிச்சுக்கிட்டே நிக்கணும். தாடை வலிக்குது. முன்னாடி உள்ளார உக்காந்து பீன்ஸ் பொறுக்குவேன், ஆள் பாக்கலன்னா ஓடிடுவேன்."

"ஏய், யாருக்குடி தாடை வலிக்குது?" என்று பெனீத்தா அடுப்புக்குப் பின்னாலிருந்து கத்தினாள். "பேசிப் பேசி வலிக்குது, சிரிச்சு இல்ல!" பிறகு ஒதீலியாவிடம், "நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா, செலவே இல்லாம இவ்ளோ நல்ல பல்லு வெச்சுக் குடுத்திருக்கீங்க, அத உள்ளார வெச்சா பூட்டுறது?" என்றாள்.

ஒதீலியா, வாரத்தில் மூன்று நாளாவது விளையாட விட வேண்டும் என்று டாக்டர் என்கிற முறையில் ஒரு உத்தரவு போட்டாள். பல்லுக்கு வெயில் வேண்டும் என்றாள். பெனீத்தா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பல்லுக்கு வெயிலா?" என்று கேட்டாள். இருந்தாலும் இரண்டு நாளுக்கு ஒத்துக்கொண்டாள்.

எவாரிஸ்தோ அந்தத் தாளைப் பார்த்ததும், "இத எடுத்துடு," என்றார். "கணக்குல ஒட்டாத ஆளு. படம் கெட்டுடும்."

"அவ கேள்விக்குச் சரியாத்தான் பதில் சொல்லியிருக்கா டாக்டர்."

"சிகிச்சைக்கு அப்புறம் எண்ணு ஏறக் கூடாது."

"ஏறிடுச்சே. எடுக்கறதா இருந்தா என் பேரையும் சேத்து எடுத்துடுங்க."

தான் இப்படிச் சொல்வாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. எவாரிஸ்தோ பதிலுக்கு வாயைத் திறந்தார். எதிரே நிற்பவள் அந்த வாய்க்குள் எதையெல்லாம் பார்த்திருக்கிறாள் என்பது ஞாபகம் வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார். யாட்சிரி கணக்கிலேயே இருந்தாள். படத்தில் எல்லாப் புள்ளிகளும் கீழே இறங்க, ஒன்று மட்டும் மேலே தனியாக நின்றது.

ஏப்ரலில் குவாதலஹாரா. முதல் இரண்டு நிமிஷம் எவாரிஸ்தோ பேசினார், அறிவியலுக்கும் உள்ளூர்ப் பண்பாட்டுக்கும் உள்ள உறவைத் தாமே கண்டுபிடித்தது போல. பிறகு மைக்கை ஒதீலியாவிடம் கொடுத்துவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் வேகமாகப் பேசினாள். மேலே நின்ற ஒற்றைப் புள்ளியைப் பற்றிச் சொன்னபோது யாரோ பின்னால் கைதட்டினார்கள். முடிந்தது என்று அவள் மூச்சு விட்டபோது, பெருவிலிருந்து வந்த ஒரு டாக்டர் எழுந்தார்.

"ரொம்ப நல்லா இருந்தது. ஒரே ஒரு சந்தேகம். லீமாவுல த்லாயுடான்னா யாருக்கும் தெரியாது. நாங்க அந்த இடத்துல என்ன போடறது? வறுத்த சோளமணிதான் எங்களுக்குக் கஷ்டமான சாப்பாடு. அதையே எல்லாரும் போட்டா என்ன?"

"வறுத்த சோளமா?" பின்னாலிருந்து ஒரு கொலம்பியாக்காரர். "அதப் பொடி பண்ணிக் குடிச்சிடலாமே! பன்றித்தோல் வறுவல் போடுங்கய்யா, அதான் கடி."

டொமினிக்கன் பெண் ஒருத்தி எழுந்து, கரும்பைக் கடிக்காத குழந்தை உண்டா என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். அர்ஜென்டினாக்காரர் ஒருவர் மாட்டிறைச்சியை எடுத்ததே பெரிய அநியாயம், அதை உடனே திருப்பி வைக்க வேண்டும் என்றார். ஸ்பெயினிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் பொறுக்க முடியாமல், "நாங்க மட்டும் தினம் சுலெத்தோன் திங்கறோமா? நான் வாழ்க்கையில ரெண்டு தடவ சாப்பிட்டிருக்கேன், ரெண்டும் என் மாமனார் காசு! அத எழுதினது யாருன்னு நானும் தேடிக்கிட்டிருக்கேன்!" என்று கத்தினார். தலைமை வகித்தவர் மணியை அடித்தார். மணி யாருக்கும் கேட்கவில்லை. ஐந்து நாடுகள் எழுந்து நின்று, எதைக் கடித்தால் எவன் பல் போகும் என்று ஒருவரையொருவர் விரலை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தன.

ஒதீலியா மேடையை விட்டு இறங்கினாள். அவளைக் கேட்க யாருக்கும் எதுவும் இல்லை. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஓரமாக நின்றிருந்த ஒரு பொலிவியாக்காரி, வட்டத் தொப்பி போட்ட வயதான நர்ஸ், இந்தக் கூச்சலில் கலந்துகொள்ளாமல் கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"காய வெச்ச லாமாக் கறி, எங்க மலையில மூட்டை சுமக்கிற மிருகம். தின்னு பாரு கண்ணு. இதுக்குப் பக்கத்துல அதெல்லாம் வெறும் கஞ்சி."

அவள் ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். ஒரு நிமிஷம் ஆனது, இரண்டு நிமிஷம் ஆனது, கறி அப்படியே இருந்தது. துப்பவும் முடியாது, அந்தப் பெண் பெருமையோடு பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போதுதான், எல்லோரும் மேடைக்கு வாருங்கள், குழுப் படம் எடுக்கிறோம் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். யாரோ அவள் தோளைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்கள். "சிரிங்க!" என்றான் படக்காரன். ஒரு கன்னம் எலுமிச்சம்பழம் வைத்தது போல உப்பியிருக்க, அவள் மறு கன்னத்தால் சிரித்தாள்.